சைரஸ் அடிமை முறையை ஒழித்தாரா? ஒரு வாட்ஸ்ஆப் பார்வர்டும் பாரசீகப் பேரரசும்

கருவேலன் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் பெரியமாமா நேற்று ஒரு படம் போட்டார். சுடுமண் உருளை ஒன்று. அதன் மேல் தங்க நிறத்தில், "உலகின் முதல் மனித உரிமைச் சாசனம். பாரசீகப் பேரரசர் சைரஸ், கி.மு. 539. அடிமை முறையை ஒழித்தவர்." கீழே கும்பிடு பொம்மைகள் ஏழெட்டு.

உருளை நிஜம்தான். 1879இல் ஹொர்முஸ்த் ரஸ்ஸாம் பாபிலோனில் தோண்டியபோது கிடைத்தது, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரை முழ நீளம், 45 வரி, அக்காடிய மொழி, ஆப்பெழுத்து. மொழிபெயர்ப்பைத் தேடி முழுக்கப் படித்தேன். அடிமை முறை ஒழிப்பு என்று எதுவும் இல்லை. பாபிலோன் மக்கள்மேல் பழைய அரசன் ஏற்றிய நுகத்தை இறக்கினேன் என்கிற மாதிரி ஓரிடம் வருகிறது. அதைத்தான் இழுத்து நீட்டியிருக்கிறார்கள் போல.

மற்றபடி கதை இதுதான்: நபோனிதஸ் என்ற பழைய அரசன் தெய்வக் குற்றம் செய்தான். பாபிலோனின் கடவுள் மர்துக் கோபம்கொண்டு நாடு நாடாக நல்ல அரசனைத் தேடினார். அன்ஷான் அரசன் சைரஸின் கையைப் பிடித்தார். சண்டையே இல்லாமல் நகரம் அவர் வசமானது. மெய்க்கீர்த்தி படித்துப் பழகியவர்களுக்கு இந்தத் தொனி புதிதாக இருக்காது. அந்தச் 'சண்டையே இல்லாமல்' என்பதும் பாதிதான் உண்மை. நகரம் விழுவதற்குச் சில நாட்கள் முன்பு டைக்ரிஸ் கரையில் ஓபிஸ் என்ற இடத்தில் போரும் கொள்ளையும் நடந்ததாகப் பாபிலோனியர்களின் ஆண்டுக்குறிப்பே சொல்கிறது.

மாமாவிடம் இதைச் சொன்னால், "உனக்கு எதிலும் குற்றம்தான்" என்பார். என் கேள்வி வேறு. கி.மு. 550 முதல் 330 வரை, ஏஜியன் கடலிலிருந்து சிந்து நதி வரை, 220 ஆண்டுகள் ஓடிய ஓர் அரசு இது. கிரேக்கர்களைக் கேட்டால் கொடுங்கோலர்கள், பார்வர்டுகளைக் கேட்டால் தேவதூதர்கள். அவர்களே எழுதி வைத்தது ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒலிவமலை

தம்பி, ஞாயிறு பள்ளிக்குப் போன எங்களுக்கு இவர் பழைய அறிமுகம். தமிழ் வேதாகமத்தில் இவர் பெயர் கோரேஸ். பின்னால் வந்த பாரசீக அரசர் டேரியஸ் அங்கே தரியு. அவர் மகன் செர்க்ஸஸ்தான் எஸ்தர் கதையில் வரும் அகாஸ்வேரு ராஜா என்பார்கள். "இந்து தேசம் முதல் எத்தியோப்பியா தேசம்வரைக்கும்" என்று அந்தப் புத்தகத்தின் முதல் வசனமே எல்லை சொல்லிவிடும். சின்ன வயதில் அதை மனப்பாடம் செய்து பரிசாக ஒரு பென்சில் டப்பா வாங்கினேன், அதனால் மறக்காது.

ஏசாயா 45இல் கோரேசைக் கர்த்தர் "அபிஷேகம்பண்ணின" ஆள் என்கிறார். யூதர் அல்லாத ஒருவருக்கு அந்தச் சொல் கிடைத்தது பெரிய விஷயம். சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போனவர்களை ஊருக்கு அனுப்பி, ஆலயத்தைக் கட்டச் சொன்னவர் என்பதால் அந்த மரியாதை. ஆலயம் கட்டி முடிந்தது தரியுவின் ஆறாம் ஆண்டில், கி.மு. 515 கணக்கு.

நீங்கள் சொன்ன உருளையில் யூதர்கள் பெயரே இல்லை என்பதும் தெரியும். ஆனால் பாபிலோனில் மர்துக் கையைப் பிடித்தார், எருசலேமில் கர்த்தர் கையைப் பிடித்தார் என்றால், இவர் போகிற ஊரில் எல்லாம் அந்த ஊர்ச் சாமியின் ஆளாக நிற்கத் தெரிந்தவர் என்றுதானே ஆகிறது? எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. சாமர்த்தியம்.

அரைக்காசு

சரி, ஒரே அடியாக வெள்ளையடிக்காதீர்கள். சாமர்த்தியசாலியின் மகன் என்ன செய்தான்? காம்பைசிஸ் கி.மு. 525இல் எகிப்தைப் பிடித்ததும் அவர்களுடைய புனிதக் காளை ஏபிஸைக் கத்தியால் குத்தினான். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். செர்க்ஸஸ் பாலம் உடைந்ததற்காகக் கடலுக்கு 300 சவுக்கடி கொடுத்தான். சைரஸுக்கும் நல்ல சாவு இல்லை. மஸ்ஸகெட்டே என்ற நாடோடி இனத்து ராணி தோமிரிஸ் அவர் தலையை வெட்டி ரத்தம் நிறைந்த தோல் பைக்குள் அமிழ்த்தி, "குடி, தாகம் தீர" என்றாள். இதையெல்லாம் விட்டுவிட்டு உருளையைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

கல்லேறி

அரைக்காசு, ஹெரோடோட்டஸ் எனக்கும் பிடித்த ஆள்தான். ஆனால் அவரையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்.

அந்தக் காளை விஷயம். எகிப்தில் சக்காராவில் ஏபிஸ் காளைகளைப் புதைத்த சுரங்கம் கிடைத்திருக்கிறது. காம்பைசிஸ் காலத்தில் இறந்த காளைக்கு அவர் பெயராலேயே கல்பெட்டி செய்து, முறைப்படி அடக்கம் செய்த கல்வெட்டு அங்கே இருக்கிறது. உஜாஹோர்ரெஸ்னெத் என்ற எகிப்திய அதிகாரியின் சிலை இப்போது வத்திக்கானில் உள்ளது. சைஸ் நகரத்து நெய்த் கோயிலை ஆக்கிரமித்திருந்த அந்நியர்களைக் காம்பைசிஸ் வெளியேற்றி, பூசைகளை ஒழுங்குபடுத்தினார் என்று அதில் பொறித்திருக்கிறார். அவரும் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர், கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் கத்திக்குத்துக் கதையோடு இது ஒட்டவில்லை. எகிப்தியப் பூசாரிகளின் கோபம்தான் ஹெரோடோட்டஸ் காதுக்குப் போயிருக்க வேண்டும்.

சைரஸ் சாவு பற்றித் தனக்குப் பல கதைகள் தெரியும், நம்பும்படி இருப்பதைச் சொல்கிறேன் என்று ஹெரோடோட்டஸே ஒப்புக்கொள்கிறார். செனஃபோன் என்ற இன்னொரு கிரேக்கர், படுக்கையில் பிள்ளைகளுக்குப் புத்திமதி சொல்லிவிட்டு இறந்ததாக எழுதினார். உறுதியாகத் தெரிவது கி.மு. 530 என்ற ஆண்டும், பசர்காடேவில் இன்றும் நிற்கிற கல்லறையும்.

இன்னொன்று. ஹெரோடோட்டஸ் பிறந்த ஹலிகர்னாசஸ் அப்போது பாரசீக ஆட்சியில் இருந்த ஊர். அவரும் இந்தப் பேரரசின் குடிதான்.

கருவேலன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவர்களே எழுதியது இருக்கிறது, இரண்டு வகை. ஒன்று மலையில், ஒன்று மண்ணில்.

மலையில் உள்ளது பெஹிஸ்தூன். ஈரானில் கெர்மான்ஷா பக்கம் நெடுஞ்சாலையோரம் எழும் செங்குத்துப் பாறையில் டேரியஸ் வெட்டிய கல்வெட்டு. பழைய பாரசீகம், எலாமியம், பாபிலோனியம் என்று மூன்று மொழி. நடுவில் டேரியஸ் நிற்கிறார், காலுக்கடியில் ஒருவன் மல்லாந்து கிடக்கிறான், எதிரே கைகட்டிக் கழுத்தில் கயிறு போட்ட ஒன்பது பேர். கடைசி ஆளுக்கு மட்டும் நீளமான கூர்த் தொப்பி. அவன் சிதிய அரசன் ஸ்குன்கா. அவனைப் பிற்பாடு சேர்த்தார்கள், அதற்காக ஏற்கெனவே வெட்டியிருந்த எழுத்துகள் சிலவற்றை அழிக்க வேண்டிவந்தது. ஆப்பெழுத்தைப் படிக்க உலகம் கற்றுக்கொண்டதில் பாதிப் பெருமை இந்தப் பாறைக்குத்தான். ராலின்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1835இல் ஆரம்பித்து, ஏணி வைத்து விளிம்பில் நின்று படியெடுத்தார். அவரால் எட்ட முடியாத பாபிலோனியப் பகுதிக்கு ஒரு குர்திய பையன் பாறை இடுக்கில் முளையடித்துத் தொங்கிப் போய் அச்சு எடுத்துக் கொடுத்தான். அந்தப் பையன் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

இனி டேரியஸ் சொல்லும் கதை. காம்பைசிஸ் தன் தம்பி பர்தியாவை ரகசியமாகக் கொன்றுவிட்டார், யாருக்கும் தெரியாது. அவர் எகிப்தில் இருந்தபோது கௌமாதா என்ற மதகுரு, "நான்தான் பர்தியா" என்று ஆட்சியைப் பிடித்தான். காம்பைசிஸ் வழியில் இறந்தார். யாரும் வாய் திறக்கவில்லை. நான் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு அந்தப் போலியைக் கொன்றேன். இது கி.மு. 522 செப்டம்பர் கடைசி. அதன்பின் நாடெங்கும் கிளர்ச்சி. ஒரே ஆண்டில் 19 போர், 9 அரசர்களைப் பிடித்தேன். எல்லாரும் பொய்யர்கள்.

நம்புகிறீர்களா? சொந்த மனைவிமார்கூட அடையாளம் காணாத அளவுக்கு ஒரு போலி? கொல்லப்பட்டவர் அசல் பர்தியாவேதான், அதாவது சைரஸின் மகன், என்று இன்று நிறைய ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். இன்னொரு விஷயமும் இடிக்கிறது. தான் அரசனானபோது தன் தந்தை விஷ்தாஸ்பாவும் தாத்தா அர்ஷாமாவும் உயிரோடு இருந்தார்கள் என்று டேரியஸே சூசா கல்வெட்டில் பெருமையாகச் சொல்கிறார். முறைப்படி வந்த பட்டம் என்றால் தாத்தாவையும் அப்பாவையும் தாண்டி எப்படிப் பேரனுக்கு வரும்? போதாததற்குச் சைரஸின் மகள்கள் இருவரையும், பர்தியாவின் மகளையும் மணந்துகொண்டார். வெளியிலிருந்து வந்தவன் வாசலை அடைக்கிற வேலை அது.

கிடங்குக்காரர்

இவ்வளவு நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன். நான் சரித்திரம் படித்தவன் இல்லை. அரசாங்கக் கிடங்கு ஒன்றில் 31 வருடம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன்.

ஒரே ஆண்டில் 19 போர் என்கிறீர்கள். பாபிலோனில் ஒன்று, ஆர்மீனியாவில் ஒன்று, ஆப்கானிஸ்தான் பக்கம் ஒன்று. படைக்குச் சோறு? குதிரைக்குத் தீவனம்? யார் கொடுத்தது, யார் கையெழுத்துப் போட்டு வாங்கியது? கல்லேறி ஐயா 'மண்ணில் உள்ளது' என்று ஒன்று சொல்லி நிறுத்திவிட்டீர்கள். அது என்ன?

கல்லேறி

ஐயா, சரியான ஆள்தான் கேட்டிருக்கிறீர்கள். அது உங்கள் இலாகாதான்.

1933-34இல் பாரசீகத் தலைநகரங்களில் ஒன்றான பெர்செபோலிஸ் மேடையின் கோட்டைச் சுவர் அறைகளில் சிகாகோ பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது களிமண் சில்லுகள் பல்லாயிரக்கணக்கில் வந்தன. முழுசும் உடைசலுமாக. கி.மு. 509 முதல் 493 வரையான கணக்கு, எல்லாம் டேரியஸ் ஆட்சிக் காலம். அரச வரலாறு ஏதாவது இருக்கும் என்று ஆசையாகப் படித்தால், அத்தனையும் ரேஷன் சீட்டு. மாவு, பார்லி, திராட்சை மது, பீர், ஆடு, பழம். யாரிடமிருந்து யாருக்கு, எவ்வளவு, எந்த மாதம்.

அரசர் பேசியது பாரசீகம், எழுத்தர்கள் எழுதியது பெரும்பாலும் எலாமியம், தூரத்துக் கடிதங்களுக்கு அரமேயம். பேரரசு ஒன்று, கச்சேரி (அலுவலக) மொழி மூன்று. இந்தக் குவியலில் கிரேக்க மொழியிலும் ஒரே ஒரு சீட்டு கிடைத்திருக்கிறது. "மது, இரண்டு மாரிஸ், தெபேத் மாதம்." அவ்வளவுதான். பாரசீகர்களை வென்ற மராத்தான், சலாமிஸ் போர்கள் என்று கிரேக்கர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பாரசீகக் கிடங்கில் கிரேக்க மொழிக்குக் கிடைத்த இடம் இருபது லிட்டர் மதுவுக்கான ரசீது.

சில சீட்டுகளின் சாரத்தைத் தனிமடலில் அனுப்புகிறேன், பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மட்டுறுத்துநர்

ஹாலிவுட் படத்தில் வரும் செர்க்ஸஸின் மூக்குத்தி பற்றிய 14 மறுமொழிகளை நகைச்சுவைப் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். இன்றைய ஈரான் அரசியலை இங்கே இழுக்க வேண்டாம்.

கிடங்குக்காரர்

கல்லேறி ஐயா அனுப்பியதை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள், ஓய்வு பெற்றும் சீட்டு பார்க்கிறாரே என்று.

சீட்டு உள்ளங்கையில் அடங்கும் அளவு. முடிச்சுப் போட்ட நூலைச் சுற்றி ஈரக் களிமண்ணைப் பிடித்து, ஆப்பெழுத்தில் எழுதி, முத்திரை உருட்டியிருக்கிறார்கள். நூலின் முனைகள் வெளியே தொங்கும். எதில் கட்டினார்களோ, மூட்டையிலா, கோப்புக் கூடையிலா. கொடுத்தவர் முத்திரை ஓரிடம், வாங்கியவர் முத்திரை ஓரிடம். அப்படியானால் பின்னால் யாரோ தணிக்கை செய்யப் போகிறார்கள் என்ற பயம் இருந்திருக்கிறது. இப்படிச் சின்னச் சீட்டுகளாக வந்ததைத் திரட்டிப் பெரிய பலகைகளில் பதிவேடாக ஏற்றி, ஆண்டு முடிவில் இருப்பு, வரவு, செலவு என்று தீர்த்திருக்கிறார்கள். நாங்கள் செய்ததும் இதுதான், களிமண்ணுக்குப் பதில் கார்பன் தாள்.

சாதாரண ஆண் தொழிலாளிக்கு மாதம் சுமார் 30 லிட்டர் தானியம். பார்லி என்றால் பதினேழு, பதினெட்டுக் கிலோ தேறும். ஓர் ஆள் உயிரோடு வேலை செய்யப் போதும், குடும்பத்துக்குப் போதாது. அதனால்தான் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். பெண்கள் வேலைக் குழுக்களுக்குத் தலைவிகள் உண்டு. அவர்களுக்குச் சாதாரண ஆணைவிட அதிகம், மதுவும் ஆட்டுப் பங்கும் உட்பட. எழுத்துப் பழகும் பாரசீகப் பையன்களுக்கும் பட்டுவாடா உண்டு.

பிள்ளை பெற்றவளுக்குச் சிறப்பு ஒதுக்கீடு. ஆண் குழந்தை என்றால் பத்து லிட்டர் போல மதுவோ பீரோ. பெண் குழந்தை என்றால் அதில் பாதி. அந்த இடத்தில் சீட்டை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் உட்கார்ந்தேன். எனக்கு இரண்டும் பெண்.

அப்புறம் மேல் தட்டு. பர்னக்கா என்பவர்தான் அந்த வட்டாரம் முழுமைக்கும் தலைமை. டேரியஸுக்குச் சித்தப்பா அல்லது பெரியப்பா முறை. அவருக்கு ஒரு நாளைக்கு 2 ஆடு, 90 லிட்டர் மது, 180 லிட்டர் மாவு. ஒரு வயிற்றுக்கு இல்லை, கூட இருந்த பரிவாரத்துக்கும் சேர்த்து என்று வைத்துக்கொள்வோம். அவர் வழியாக அரசரின் உத்தரவும் வருகிறது. அரசி அர்தஸ்துனாவுக்கு 100 ஆடு, சுமார் 2,000 லிட்டர் மது. "டேரியஸ் அரசர் எனக்குச் சொன்னார், அதன்படி நான் உனக்குச் சொல்கிறேன்" என்று இருக்கிறது. ஏதோ விருந்து போல. அரசரே கேட்டாலும் சீட்டு இல்லாமல் கிடங்கு திறக்கவில்லை பாருங்கள். அந்த ஒரு வரிக்காகவே இவர்களை எனக்குப் பிடித்துவிட்டது.

வழிப்போக்கர் சீட்டுகள் தனி ரகம். சர்திஸிலிருந்து சூசா வரை ராஜபாட்டை, வழியில் 111 தங்குமிடம் என்று ஹெரோடோட்டஸ் எண்ணியிருக்கிறார் என்றீர்கள். சீட்டுகளில் அந்த மாதிரித் தங்குமிடங்களின் கணக்கு அப்படியே வருகிறது. பயணி முத்திரையிட்ட அனுமதி ஓலை வைத்திருப்பார், அதைக் காட்டினால் அன்றைய மாவு. ஹிந்துஷிலிருந்து, அதாவது சிந்துப் பக்கமிருந்து, சூசாவுக்குப் போன ஒரு குழுவும் அரசரின் ஓலையோடு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறது. நம் பக்கத்து ஆட்களுக்குக் கோதுமை மாவு ஒத்துக்கொண்டதா என்று தெரியவில்லை. சிந்துக்காரர்கள்தானே, ஒத்துக்கொண்டிருக்கும்.

அரைக்காசு

ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஆனால் இந்த ரேஷன் வாங்கியவர்கள் யார்? சொந்த விருப்பத்தில் வந்தவர்களா? தொழிலாளர் பட்டியலில் எகிப்தியர், லிசியர், திரேசியர், பாபிலோனியர் எல்லாம் இருக்கிறார்களே. எரேத்ரியா என்ற கிரேக்க ஊரையே கி.மு. 490இல் அள்ளிக்கொண்டு வந்து சூசா பக்கம் குடியேற்றினார்கள். அடிமை என்று சொல்லாமல் பட்டியலில் எழுதினால் அடிமை இல்லை என்று ஆகிவிடுமா?

கல்லேறி

இதில் அரைக்காசு சொல்வதுதான் சரி. சீட்டுகளில் அவர்களைக் 'குர்தஷ்' என்கிறார்கள். கூலி, கட்டாய உழைப்பு, பெயர்த்துக் கொண்டுவந்தவர்கள், எல்லாருக்கும் அந்த ஒரே சொல். முழு அடிமை என்றும் சொல்ல முடியாது, போகிறேன் என்றால் போகவும் முடிந்திருக்காது. பாபிலோனில் எகிபி என்ற வணிகக் குடும்பத்தின் ஆவணங்கள் சைரஸ் காலத்தையும் டேரியஸ் காலத்தையும் தாண்டி ஓடுகின்றன. அதில் ஆள் வாங்கியது, விற்றது, அடகு வைத்தது எல்லாம் வழக்கம் போல நடக்கிறது. மாமாவின் படத்துக்கு நேரான பதில் வேண்டுமென்றால் அதுதான்.

நாணயப்பித்தன்

என் பங்குக்குக் காசு. 'தாரிக்' என்ற தங்கக் காசு, 8.4 கிராம் போல, ஒரு பக்கம் வில்லோடு மண்டியிட்டு ஓடும் அரசர். ஸ்பார்ட்டா அரசர் அகெசிலாஸ் ஆசியாவில் ஜெயித்துக்கொண்டிருந்தபோது, பாரசீகர்கள் இந்தக் காசை ஏதென்சுக்கும் தீப்ஸுக்கும் அனுப்பி அங்கே சண்டை மூட்டினார்கள். ஊர் திரும்ப வேண்டிவந்த அவர், "ஆயிரக்கணக்கான வில்லாளிகள் என்னைத் துரத்திவிட்டார்கள்" என்று கசந்துகொண்டார். மராத்தானிலும் பிளாட்டியாவிலும் தோற்றவர்கள், கி.மு. 387-386 சமாதானத்தில் எந்த ஊர் யாருக்கு என்று கிரேக்கர்களுக்கே தீர்ப்புச் சொன்னார்கள். ஆசியக் கரையிலிருந்த கிரேக்க ஊர்கள் மறுபடி பாரசீகத்துக்கே போயின. பள்ளிப் புத்தகத்தில் சலாமிஸோடு கதையை முடித்துவிடுகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், காசு அடித்தவர்களே பெர்செபோலிஸில் கூலியை அப்போது மாவாகவும் மதுவாகவும்தான் கொடுத்திருக்கிறார்கள். பிற்பாடுதான் வெள்ளி எட்டிப் பார்க்கிறது. தாரிக் பெரும்பாலும் மேற்கே கிரேக்கர்கள் பக்கம் செலவழிக்க.

கப்பத்தில் நம் பக்கம்தான் கெட்டி. இருபது மாகாணங்களில் இந்தியர்கள் கட்டியது 360 தாலந்து தங்கத் துகள் என்கிறார் ஹெரோடோட்டஸ். எறும்பு தங்கம் தோண்டும் கதையும் அதோடு சேர்த்துச் சொல்வதால் எண்ணிக்கையைக் கொஞ்சம் தட்டித்தான் எடுக்க வேண்டும். ஆனால் ஹிந்துஷ், காந்தாரம் இரண்டும் டேரியஸின் கல்வெட்டுகளில் இருக்கின்றன. சூசா அரண்மனைக்கு ஹிந்துஷிலிருந்து தந்தம் வந்தது, காந்தாரத்திலிருந்து மரம் வந்தது. செர்க்ஸஸ் படையில் பருத்தித் துணி உடுத்திய இந்திய வில்லாளிகள் கிரேக்கம் வரை நடந்தே போனார்கள்.

ஒலிவமலை

சொற்களும் நடந்தே வந்திருக்கின்றன. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று சிலுவையில் இயேசு சொல்கிறார். அந்தப் பரதீசு பழைய ஈரானியச் சொல்தானாம். சுற்றுச்சுவர் எழுப்பிய தோட்டம் என்று பொருள். பாரசீக அரசர்களின் தோப்பைப் பார்த்து கிரேக்கர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள், அங்கிருந்து வேதாகமம், அங்கிருந்து எங்கள் ஊர் கல்லறைத் தோட்டத்து வளைவு வரை வந்துவிட்டது.

கல்லேறி

அக்கா, இன்னொன்றும் உண்டு. 'லிபி'. அசோகர் தன் கல்வெட்டை வடமேற்கில் 'திபி' என்கிறார். அது பழைய பாரசீகச் சொல். அதற்கு முன் எலாமியம், அக்காடியம், கடைசியில் சுமேரியக் களிமண் பலகை வரை போகும். தட்சசீலத்தில் அசோகர் அரமேய மொழியிலேயே கல்வெட்டு வைத்தார். பாரசீக அரசு போய் எழுபது, எண்பது வருடம் ஆன பிறகும் அந்தக் கச்சேரி மொழி அங்கே புழக்கத்தில் இருந்திருக்கிறது. சங்கப் பாடல்களில் வரும் யவனருக்கும் டேரியஸ் கல்வெட்டில் உறவுக்காரர் இருக்கிறார். கிரேக்கர்களை அவர் 'யௌன' என்பார்.

அரைக்காசு

இவ்வளவு ஒழுங்கான அரசு, 20 வயதில் பட்டத்துக்கு வந்து 22 வயதில் கிளம்பி ஓடி வந்த அலெக்சாந்தரிடம் நாலே வருடத்தில் எப்படிச் சுருண்டது? கி.மு. 334 கிரானிகஸ், 333 இஸ்ஸஸ், 331 கௌகமேலா என்று மூன்று போர், 330இல் பெர்செபோலிஸ் எரிந்து சாம்பல்.

கல்லேறி

அரண்மனைக்குள்ளேயே கொலை மலிந்திருந்தது. செர்க்ஸஸ் கி.மு. 465இல் கொல்லப்பட்டதிலிருந்து பட்டம் மாறும்போதெல்லாம் ரத்தம். மூன்றாம் டேரியஸ் வந்ததே பகோவாஸ் என்ற அரண்மனை அதிகாரி முந்தைய இருவரையும் விஷம் வைத்து முடித்த பிறகு. ஆனாலும் நூறு வருடமாகத் தேய்ந்து வந்த அரசு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கையை விட்டுப் போன எகிப்தை 343 வாக்கில்தான் திரும்பப் பிடித்திருந்தார்கள். தேய்கிற அரசு அப்படிச் செய்யாது.

எனக்குத் தோன்றுவது, அது நன்றாக ஓடிக்கொண்டிருந்ததாலேயே சீக்கிரம் கைமாறியது. சாலை இருந்தது, கிடங்கு இருந்தது, கணக்கு இருந்தது, மாகாண அதிகாரி இருந்தார். உச்சியில் இருந்த ஆள் ஓடினால் மற்றவர்கள் புது ஆளுக்குச் சாவியைக் கொடுத்தார்கள். கௌகமேலாவில் அலெக்சாந்தரை எதிர்த்துக் குதிரைப்படை நடத்திய மஸாயஸையே அவர் பாபிலோனுக்கு ஆளுநர் ஆக்கினார். மூன்றாம் டேரியஸைக் கொன்றதுகூடச் சொந்த ஆளுநர் பெஸ்ஸஸ்தான். பெர்செபோலிஸ் பொக்கிஷத்தைச் சுமக்கப் பத்தாயிரம் ஜோடிக் கோவேறு கழுதையும் ஐயாயிரம் ஒட்டகமும் தேவைப்பட்டன என்று புளூட்டார்க் எழுதுகிறார்.

கருவேலன்

ஈரானில் இதெல்லாம் எப்படி நினைவில் இருந்தது? அங்கே தொடர்ச்சியாகத் தெரிந்திருக்கும், இல்லையா?

கல்லேறி

இல்லை, அதுதான் விசித்திரம். பெர்செபோலிஸை அந்த ஊர் மக்கள் 'தக்த்-எ ஜம்ஷீத்' என்றார்கள், புராண அரசன் ஜம்ஷீதின் சிம்மாசனம். பசர்காடேவில் சைரஸின் கல்லறை அவர்களுக்குச் சுலைமான் நபியின் தாயார் அடக்கமான இடம். பெண்கள் வேண்டுதலுக்குப் போவார்கள். கிரேக்க நூல்களும் ஆப்பெழுத்தும் படிக்கப்பட்ட பிறகுதான் சைரஸ் தன் ஊருக்கே திரும்பி வந்தார். அப்புறம் 1971இல் ஈரான் மன்னர் ஷா 2,500 ஆண்டு விழா என்று பெர்செபோலிஸில் பட்டுக் கூடாரம் போட்டு உலகத் தலைவர்களுக்கு விருந்து வைத்தார். விழாவின் சின்னமே அந்த உருளைதான். 'முதல் மனித உரிமைச் சாசனம்' என்ற பட்டம் ஊர் ஊராகப் பரவியது அந்தச் சமயத்தில். உங்கள் மாமாவின் படத்துக்கு வயது ஐம்பது சொச்சம்தான், 2,500 இல்லை.

சீட்டுகளுக்கும் ஒரு வழக்கு வந்தது. ஆய்வுக்கென்று கடனாகச் சிகாகோ போனவை அவை. 1997 ஜெருசலேம் குண்டுவெடிப்பில் பாதிக்கப்பட்ட அமெரிக்கர்கள் ஈரான் மீது நஷ்டஈட்டுத் தீர்ப்பு வாங்கி, அதற்கு ஈடாக இந்தக் களிமண் சில்லுகளை ஜப்தி செய்யக் கேட்டார்கள். 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. அடுத்த வருடம் ஒரு பகுதி ஈரானுக்குத் திரும்பியது.

கிடங்குக்காரர்

ரேஷன் சீட்டை ஜப்தி செய்ய வந்தார்களா! எங்கள் சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்ல வேண்டும்.

நான் எழுத வந்தது வேறு. கல்லேறி ஐயா அனுப்பியதில் கடைசியாக ஒரு சீட்டு. கி.மு. 500. பர்னக்கா ஏதோ பட்டுவாடாவுக்கு உத்தரவு போட்டுவிட்டு, கீழே ஒரு சேதி சேர்க்கிறார். "முன்பு என்னுடையதாக இருந்த முத்திரை மாற்றப்பட்டுவிட்டது. இனி இந்தச் சீட்டில் பதிந்துள்ளதுதான் என் முத்திரை." புது முத்திரையில் அரமேய எழுத்தில் 'அர்ஷாம் மகன் பர்னக்கா' என்று வெட்டியிருக்கிறதாம்.

இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் கிடங்கில் ஒருமுறை மேலாளரின் ரப்பர் முத்திரை காணாமல் போனது. புது முத்திரை செய்து, மாதிரிப் பதிவோடு எல்லாக் கிடங்குகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பினோம். ஒரு கிடங்குக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை. அங்கே இருந்தவர் புது முத்திரையை ஏற்க மாட்டேன் என்று சரக்கு லாரியை இரண்டு நாள் வாசலில் நிறுத்திவிட்டார். மழைக்காலம். அன்று அவரைத் திட்டாத வாய் இல்லை. ஆனால் அவர் செய்தது சரி.

பர்னக்காவின் பழைய முத்திரை என்ன ஆனது என்று சீட்டில் இல்லை. எங்களுடையது ஆறு மாதம் கழித்து எடைமேடைக்கு அடியில் கிடைத்தது.